வீடு தந்தவரின் ஜீப்

சாய்ந்தமருதில் யாராவது பழைய வாகனம் ஒன்று வாங்கக் கிளம்பினால் ஜெமீலையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். வேன், லொறி, டபள் கெப், எதுவாக இருந்தாலும் சரி. பழைய சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் டோச் லைட்டும் மறு கையில் சின்னச் சுத்தியலுமாக ஜெமீல் வருவார். ஸலாம் சொல்வார், தேத்தண்ணி நீட்டினால் பிறகு பார்ப்போம் என்பார், நேரே வாகனத்துக்குக் கீழே போய்விடுவார். விற்கிறவன் மேலே நின்று, "ஒரே கை ஓடினது, அடிபட்டதே இல்ல" என்று அளந்துகொண்டிருக்கும்போது கீழே இருந்து டங், டங் என்று சத்தம் வரும். வாகனத்தின் முழுப் பாரத்தையும் தாங்குகிற அந்த இரும்புச் சட்டம் இருக்கிறதே, செசி, அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போவார். முழு இரும்பு ஒரு மாதிரிப் பேசும், ஒட்டுப் போட்ட இரும்பு வேறு மாதிரிப் பேசும். அது அவருடைய காதுக்குத் தெரியும்.

வெளியே வந்து, முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டு, வாங்க வந்தவரின் பக்கம் திரும்பி "எடுங்க" என்பார். இல்லாவிட்டால் "வாங்க, போவம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. விற்கிறவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "இந்த மனுசன் குனிஞ்சாரெண்டா யாவாரம் படுத்திரும்" என்று முணுமுணுப்பார்கள். வாங்கினவர்களோ பெருநாளைக்குப் பெருநாள் அவருக்கு ஒரு பார்சல் இறைச்சி அனுப்புவார்கள்.

அப்படிப்பட்ட மனுசன்தான் ஏமாந்தார். தன்னுடைய ஜீப்பில், தன்னுடைய ஆளிடம். நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஜெமீல் பிறந்தது மருதமுனையில். வீட்டுக்குள்ளேயே தறி. பிள்ளைகளில் ஒருவனாவது தறியில் உட்காருவான் என்று பார்த்திருந்த வாப்பாவுக்கு, லொறிக்குப் பின்னால் ஓடுகிற மகன் வாய்த்தார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் வெள்ளை ஜீப்புகளோடு வந்து இறங்கின. அதில் ஒன்றுக்குச் சாரதியாகச் சேர்ந்த நாளிலிருந்து, நாலு சில்லும் இழுக்கிற வண்டியின் மேல் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சேற்றில் இடுப்பளவு புதைந்து கிடக்கிற ஜீப், சின்னக் கியரைத் தள்ளியதும் உறுமிக்கொண்டு தானாக எழும்பி வரும்போது மயிர்க்கால் எல்லாம் சிலிர்க்கும் என்பார். நிறுவனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. பைத்தியம் போகவில்லை. பிறகு கட்டாருக்குப் போய், பாலைவன மணல்மேடுகளில் உல்லாசப் பயணிகளை ஏற்றி இறக்கினார். வேற்று நாட்டான் வண்டியில், வேற்று நாட்டு மணலில் ஓடிய அத்தனை காலமும் அவருக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். ஊருக்குப் போய் ஒரு டீசல் ஜீப் எடுக்க வேண்டும். தன் பெயரில், தன்னுடையதாக.

திட்டம் தலைக்குள் பசுமையாக இருந்தது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அறுகம்பேயில் குளித்து, மீன் பொரியல் தின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். பாணமைக்கு அப்பால் இருக்கிற மணல் வெளியை, காட்டு ஓடைகளை, யானை தண்ணீர் குடிக்க இறங்குகிற குளங்களை யார் காட்டுவது? நான் காட்டுவேன் என்றார். ஆனால் ஊர் திரும்பியபோது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. துருப்பிடித்த ஜீப்புகூட தங்கத்தின் விலை பேசியது. ஊரானுக்கெல்லாம் வாகனம் பார்த்துக் கொடுத்த மனுசன் தனக்கென்று ஒன்று கிடைக்காமல் அலைந்தார்.

அந்த நேரத்தில்தான் அஸ்ஹர் கூப்பிட்டார்.

அஸ்ஹர், ஜெமீலின் மனைவி ஆகிலாவின் மூத்த காக்கா, அதாவது அண்ணன். வயல்காரர், பெரிய ஹாட்வெயார் கடைக்காரர். அதைவிட முக்கியம், ஜெமீல் குடியிருக்கிற வீட்டைக் கட்டியவர். எங்கள் கரையோர ஊர்களில் ஆண்பிள்ளைதான் கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு. வாப்பா கட்டிக்கொடுப்பார், வாப்பா இல்லையென்றால் காக்காமாரின் தலையில் விழும். ஆகிலாவின் வாப்பா அவள் கைப்பிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டார். அஸ்ஹர் கல் சுமந்து, சீமெந்து குழைத்து, தங்கைக்கு வீடு முடியும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டவர். அதை யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. அந்த வீட்டுக்குத்தான் ஜெமீல் ஒரு சூட்கேசோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார். அன்று தொடக்கம் அஸ்ஹரைக் கண்டால் எழும்பி நிற்பார்.

"மச்சான், நான் இந்த முற ஹஜ்ஜுக்கு நிய்யத்து வெச்சிட்டன்" என்றார் அஸ்ஹர். "ஜீப்ப குடுக்கப்போறன். எத்தினயோ பேர் கேட்டு வாறானுகள். வெளிய குடுக்க மனம் வரல்ல. உங்களுக்கெண்டா என்ட வீட்டுக்குள்ள இருந்த மாதிரித்தானே?"

ஜெமீலுக்கு அந்த ஜீப்பைத் தெரியும். வயல் வட்டைக்கும் கடைக்கும் ஓடுகிற ஜப்பான் ஜீப். கரும்பச்சை நிறம். இஞ்சின் சத்தத்தைத் தெரு முனையிலேயே அடையாளம் சொல்லுவார். அன்று இரவு அவர் தூங்கவில்லை, ஆகிலாவையும் தூங்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லோரும் அஸ்ஹரின் வீட்டில் கூடினார்கள். மாமியார் ஸைனம்பும் வந்திருந்தார். ஜெமீல் பழக்கதோஷத்தில் டோச்சையும் சுத்தியலையும் கொண்டு போய்விட்டார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்பின் பக்கம் குனிந்தாரோ இல்லையோ, அஸ்ஹர் கையைத் தட்டிச் சிரித்தார்.

"உம்மா, இஞ்ச பாருங்க உங்கட மருமகனை! என்ட ஜீப்புக்கும் சுத்தியல் கொண்டுவந்திரிக்கார். ஏன் மச்சான், நான் கட்டின வீட்ட அத்திவாரம் கிண்டிப் பார்த்துப்போட்டா கலியாணம் முடிச்சீங்க?"

வீடே சிரித்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆகிலாவும் சிரித்தாள். ஜெமீலுக்குக் காது மடல் எல்லாம் சூடாகிவிட்டது. எத்தனை பேருடைய முற்றத்தில் வெட்கமில்லாமல் மல்லாக்கப் படுத்த மனுசன், அன்று படுக்கவில்லை. சுத்தியலை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டு மூடினார். வீட்டைத் தந்தவரின் வண்டிக்குக் கீழே பூந்து பார்ப்பது எந்த ஊர் மரியாதை? இஞ்சினை உறும வைத்துக் கேட்டார், புகையின் நிறம் பார்த்தார், ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தார். எல்லாம் அருமை. துஆ ஓதி, கைகொடுத்து முடித்தார்கள். கட்டாரில் வெயில் குடித்துச் சேர்த்ததும் ஆகிலாவின் கழுத்தில் கிடந்ததும் அன்றைக்கே கைமாறின.

பிறகு வந்த மாதங்களில் ஜெமீலைப் பார்த்திருக்க வேண்டும்! பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்க மாட்டார். இஞ்சின் ஒயில், கியர் ஒயில், முன் சில்லையும் பின் சில்லையும் சேர்த்து இழுக்கிற பெட்டியின் ஒயில் எல்லாம் மாற்றினார். டைமிங் பெல்ட்டைப் பழசு என்று கழற்றி எறிந்தார். ஓடை கடக்கும்போது இஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் காற்றுக் குழாயைக் கூரைவரை உயர்த்தினார். டீசல் பில்டரில் தங்குகிற தண்ணீரை வாராவாரம் திறந்துவிட்டார். மகள் ஹிமாயா தந்த பழைய பல் துலக்கும் தூரிகையால் பெட்டரி முனைகளைத் தேய்த்தார்.

"வாப்பா, ராவைக்கு இதுக்கும் போர்வை போர்த்துவீங்களா?" என்று ஹிமாயா கேட்பாள்.

"போர்த்தினாலும் பிழை இல்ல மகள்" என்பார்.

கீழேயும் போனார். போகாமல் எப்படிக் கிறீஸ் அடிப்பது? செசி முழுக்கத் தார் பூசியிருந்தது, கையால் கிள்ளி எடுக்கலாம் போலத் தடிப்பாக. அதைப் பார்த்து ஜெமீல் சந்தோஷப்பட்டார். கடல் உப்புக் காற்று அடிக்கிற ஊரில் அடிப்பாகத்துக்குத் தாரோ பழைய ஒயிலோ பூசாதவன் யார்? மச்சான் நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறார் என்று ஆகிலாவிடம் வந்து சொன்னார். ஒரு நாள் கீழே மல்லாந்து கிடக்கும்போது கையில் இருந்த ஸ்பெனரால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போமா என்று தோன்றியது. உடனேயே தன்மேலேயே வெறுப்பாகிவிட்டது. சீ, அந்த மனுசனைப் போயா சந்தேகப்படுவது என்று கையை மடக்கிக்கொண்டார்.

ஓட்டம் மெல்லத் தொடங்கியது. முதலில் தெரிந்தவர்கள், பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள். அம்பாறைப் பக்கம், இங்கினியாகலப் பக்கம், நல்ல பாதைகள்தான். போனவர்கள் படம் எடுத்துப் போட்டார்கள். ஜெமீல் பொத்துவில் தாண்டிக் காட்டுப் பாதைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பயணத்துக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பொறுப்புக் கேட்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மனுசனுக்கு மனுசன் செய்த பிழையை அந்த மனுசன் பொறுக்காமல் அல்லாஹ் மன்னிக்க மாட்டான் அல்லவா? வாசலில் நின்று "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க" என்பார்கள். "ஓம், ஓம், பொறுத்திட்டம், எங்களுக்கும் துஆ செய்ங்க" என்று பதில் வரும். அடுத்த வீடு. அவ்வளவுதான், யாரும் கணக்குக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

அஸ்ஹரும் ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார். புதுத் தொப்பி, அத்தர் வாசம். மற்றவர்களைப் போல வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகவில்லை. உள்ளே வந்து, ஜெமீலின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார்.

"மச்சான், பொறுத்துக்கங்க."

"இதென்ன கேள்வி மச்சான்? பொறுத்திட்டன்."

"அப்பிடிச் சும்மா சொல்லாதீங்க. தெரிஞ்சு செஞ்சத்தையும் பொறுத்திட்டன் எண்டு வாயால சொல்லுங்க."

ஜெமீலுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அல்லாஹ் பயம் உள்ள மனுசன் என்று நினைத்தார், பாவி மனுசன். "எனக்கு இருக்க வீடு தந்த ஆள் நீங்க. உங்கள்ள எனக்கு என்ன மனக்குறை? தெரிஞ்சதையும் தெரியாததையும் அல்லாஹ்வுக்காகப் பொறுத்திட்டன்" என்றார். அஸ்ஹர் அவருடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். பிறகு தங்கையிடமும் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அடுப்பெரிந்துகொண்டிருந்த குசினிக்குள் போனார். அங்கே வெகு நேரம் இருவரும் தணிந்த குரலில் கதைத்தார்கள். வெளியே வரும்போது ஆகிலாவின் கண்ணும் சிவந்திருந்தது. கூடப்பிறந்ததுகள், பிரிகிற நேரம், அழத்தானே செய்யும் என்று ஜெமீல் தள்ளியே நின்றார்.

அதற்குப் பிறகு ஆகிலா ஒரு மாதிரியாகிவிட்டாள். சோறு போடும்போது திடீரென்று, "இஞ்சேருங்க, காட்டுப் பக்கம் போகாம ரோட்டால மட்டும் ஓடினா என்ன?" என்பாள்.

"ரோட்டால ஓடுறதுக்கு ஓட்டோ காணுமே, ஜீப் என்னத்துக்கு?" என்று ஜெமீல் சிரிப்பார். அவள் இன்னும் ஒரு அகப்பை சோறு போடுவாள்.

அஸ்ஹர் மக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். கஃபாவுக்கு முன் நின்று எடுத்த படங்கள் குடும்பத்து வட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தன. அந்த நாட்களில்தான் அட்டாளைச்சேனையிலிருந்து அப்துல் ஹமீட் ஆசிரியர் அழைப்பு எடுத்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவருமாகப் பாணமைக்கு அப்பால் காட்டுப் பாதையில் போய்வர வேண்டும். ஜெமீல் காத்திருந்த ஓட்டம்!

விடிய வெள்ளனவே புறப்பாடு. பள்ளிக்கூட விடுமுறை, பின்னால் இடமும் இருந்தது. ஹிமாயா முந்தின நாளே உடுப்பு எடுத்து வைத்துவிட்டாள். வாசலுக்கு வந்தவளை ஆகிலா மறித்தாள்.

"நீ போகத் தேவல்ல."

"ஏன் உம்மா? வாப்பா ஓம் எண்டவர்தானே?"

"குர்ஆன் ஓதப் போகோணும்."

"இண்டைக்கு லீவு உம்மா!"

"தேவல்ல எண்டா தேவல்ல! ஏறினா காலை முறிப்பன்!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். ஆகிலா கத்துகிற ஆள் அல்ல. ஹிமாயா அழுதுகொண்டு உள்ளே ஓடினாள். பெண்பிள்ளை பெரிதாகிவிட்டாள், தாய்க்கு ஏதோ யோசனை என்று ஜெமீல் விட்டுவிட்டார். பிஸ்மில்லாஹ் சொல்லி ஸ்டார்ட் செய்தார்.

பொத்துவில், பாணமை எல்லாம் சுகமாகப் போயிற்று. ஆசிரியரின் பிள்ளைகள் மயிலைக் கண்டு கத்தின, யானை லத்தியைக் கண்டு கத்தின. ஜெமீலுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. காய்ந்த ஓடை ஒன்றில் இறங்கி, மறுகரையில் ஏற வேண்டிய இடம். பெரிய ஏற்றமும் இல்லை. சின்னக் கியரில் போட்டு மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தார். முக்கால்வாசி ஏறியபோது காலுக்குக் கீழே துவக்கு வெடித்தது போல ஒரு சத்தம். ஜீப்பின் முன்பக்கம் அப்படியே தொய்ந்தது. ஸ்டியரிங் கையை மீறித் தானாகச் சுற்றியது. என்ன ஏது என்று விளங்கும் முன்பே வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு பின்னால் சரிந்தது. "யா அல்லாஹ்!" என்று ஆசிரியரின் மனைவி கத்தியது இப்போதும் ஜெமீலின் காதில் இருக்கிறது. ஒரு பாலை மரம் குறுக்கே நின்று வண்டியைத் தாங்கிக்கொண்டது. அந்த மரம் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் நான் இந்தக் கதையை இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

சின்னவனுக்கு நெற்றி வெடித்து இரத்தம். தாய்க்குக் கை வீங்கிவிட்டது. ஜெமீல் தன் சேர்ட்டைக் கிழித்துப் பிள்ளையின் தலையைக் கட்டினார். முடிச்சை ஆசிரியர்தான் போட்டார். யானைக் காட்டில் வெயில் சாயும்வரை காத்திருந்து, பாணமையிலிருந்து வந்த உழவு இயந்திரத்தில் அவர்களை வெளியே கொண்டுவந்தார். ஆசிரியர் வழியெல்லாம் பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு வந்தார். பொத்துவில் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத்தான் சொன்னார்.

"தம்பி, ஊர்ர வாகனம் எல்லாம் பார்த்துக் குடுக்கிற ஆள் எண்டு சொன்னாங்க. அந்த நம்பிக்கையிலதான் புள்ளைகள ஏத்தினன்."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஜெமீல் தலையைத் தூக்கவே இல்லை.

ஜீப்பை லொறியில் ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டுவந்தார். கராஜ்காரன் பர்ஸான் கீழே போய்த் தாரைச் சுரண்டினான். பிறகு, "காக்கா, கொஞ்சம் வாங்களன்" என்றான்.

செசி இரண்டாக விட்டிருந்தது. விட்ட இடத்தில் புது இரும்பின் வெள்ளையைக் காணோம், ஒரே துரு. எப்போதோ வெடித்த இடத்துக்கு உள்ளால் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் பிடித்து, வெளியே தேய்த்து மட்டமாக்கி, அதற்கு மேல்தான் தாரை அப்பியிருந்தார்கள்.

"இது பழைய வெட்டு" என்றான் பர்ஸான். "வெட்டு தெரியப்படாதெண்டுதான் இவ்வளவு தாரும். இத நீங்க தட்டிப் பார்க்கல்லையா காக்கா? நீங்களா?"

தட்டிப் பார்க்கவில்லை. என்ன சொல்வார்? மச்சான் சிரித்தார், மாமி சிரித்தார், அதனால் தட்டவில்லை என்றா?

ஆனாலும் மனசு விடவில்லை. அஸ்ஹருக்கு முன்பே அந்த ஜீப் வேறு கைகளில் ஓடியதுதானே? அவர்களில் ஒருவன் ஒட்டியிருப்பான், பாவம், மச்சானுக்கும் தெரிந்திருக்காது. பர்ஸானிடம் அப்படித்தான் சொன்னார். ஊரில் கேட்டவர்களிடமும் அப்படித்தான் சொன்னார். வீட்டில் ஆகிலாவிடம் சொல்லும்போது அவள் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜீப் போனது போனதுதான். ஓட்டம் போயிற்று, பெயரும் போயிற்று. அதை எல்லாம் அவர் எப்படியோ விழுங்கிக்கொண்டார். மச்சான் தெரிந்துதான் தந்தாரா, தெரியாமல் தந்தாரா என்ற ஒன்று மட்டும் இறங்காமல் தொண்டையில் நின்றது. தெரியாது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

ஹஜ்ஜின் முக்கிய நாளில் அரபா மைதானத்தில் நின்று அஸ்ஹர் குரல் பதிவு அனுப்பினார், "மச்சான், உங்கட பேரைச் சொல்லித் துஆக் கேட்டன்" என்று. வெள்ளை இஹ்ராம் துணி உடுத்தி நிற்கிற மனுசனிடம் செசிக் கதை கேட்பதா? ஜெமீல் "ஜஸாக்கல்லாஹ் ஹைரன்" என்று நன்றி சொல்லிப் பதில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அஸ்ஹர் ஹாஜியாராகத் திரும்பி வந்தார். வீடு கொள்ளாத சனம். ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம் பழமும் பங்கிடுகிறார்கள், வருகிறவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துத் துஆக் கேட்கிறார்கள். அஸ்ஹரின் முகம் வெள்ளையாகித் தேசு வந்திருந்தது. சனம் கொஞ்சம் குறைந்ததும் ஜெமீல் அவரை வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போனார்.

"மச்சான், ஜீப்ட செசி ரெண்டா விட்டுப்போச்சு. கேள்விப்பட்டிருப்பீங்க. உள்ளால ஒட்டு இரிந்திருக்கு. உங்களுக்குத் தெரியாதுதானே?"

கேள்வியிலேயே பதிலை வைத்துத்தான் கேட்டார். ஓம், தெரியாது என்றால் முடிந்தது. அஸ்ஹர் நிலத்தைப் பார்த்தார்.

"அதத்தானே மச்சான் போகக்குள்ள வந்து கேட்டன். நீங்க பொறுத்திட்டன் எண்டு சொன்னீங்களே."

ஜெமீலுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அஸ்ஹரின் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப தெரியும்."

"என்ட மூத்த மகன் ஜீப்ப வாய்க்காலுக்குள்ள விட்டவன், அதில செசி வெடிச்சது. அம்பாறையில வெச்சு ஒட்டினது, நல்லாத்தான் ஒட்டினான். தாங்கும் எண்டுதான் நெனச்சன்."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா எடுத்திருப்பீங்களா?"

எவ்வளவு சுளுவாகச் சொன்னார் பாருங்கள்! மறைத்து விற்றார், அந்தக் காசில் மக்கா போனார், போகுமுன் வந்து அழுது மன்னிப்பையும் பறித்துக்கொண்டு போனார். "அதுக்குள்ள ரெண்டு புள்ளைகள் இருந்திச்சு மச்சான். ஊரான்ட புள்ளைகள்" என்றார் ஜெமீல். "நான் உங்களப் பொறுத்தது என்னத்தை எண்டு தெரியாம. அது பொறுத்ததில சேராது."

"அல்லாஹ்வுக்காகப் பொறுத்தத்தைத் திருப்பி எடுக்கேலா மச்சான்" என்றார் ஹாஜியார், மெதுவாக, மார்க்கம் சொல்லிக்கொடுக்கிற குரலில். பிறகு, ஜெமீல் திரும்பி நடக்கத் தொடங்கியதும் பின்னால் இருந்து, "நான் ஒண்டும் ஒளிக்கல்ல. ஆகிலாக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டுத்தான் போனன். வேணுமெண்டா கேட்டுப்பாருங்க" என்றார்.

சாய்ந்தமருதுத் தெருக்களில் ஜெமீல் எப்படி நடந்து வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. ஆகிலா ஹிமாயாவின் பள்ளிக்கூட வெள்ளை உடுப்புக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைக் கண்டதும் ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

அவள் எது என்று கேட்கவில்லை. அதிலேயே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ரோட்டால ஓடினா ஒண்டும் ஆகாது எண்டு காக்கா சொன்னார். அதான் நான் காட்டுக்குப் போகாதீங்க, காட்டுக்குப் போகாதீங்க எண்டு சொல்லிச் சொல்லி…"

"ஏன் எண்டு சொல்லல்ல."

"சொன்னா நீங்க போய்ச் சண்டை பிடிப்பீங்க. அவர் ஹஜ்ஜுக்குப் போற நேரம். உம்மா தாங்க மாட்டா. எனக்கு வாப்பாவுக்கு வாப்பாவா இரிந்த மனுசன், இந்த வீட்டு ஒவ்வொரு கல்லும் அவர் தூக்கினது, நான் எப்பிடி…" அழுகையில் மீதிச் சொல் வரவில்லை.

ஜெமீல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் எழும்பவில்லை, எழும்பியிருந்தால் அவளுக்கும் சுகமாக இருந்திருக்கும்.

"அண்டைக்கு ஹிமாயாவ மறிச்சாய்."

ஆகிலாவின் அழுகை சட்டென்று நின்றது.

"தெருவுக்கே கேக்கக் கத்தி மறிச்சாய். காலை முறிப்பன் எண்டாய். அவள் உன்ட புள்ள. என்னையும் அந்த ஆசிரியர்ர புள்ளைகளையும் விட்டுட்டாய். அதுகள் ஊரான்ட புள்ளைகள், நான் வந்த மாப்பிள்ளை. அப்பிடித்தானே?"

அவர் நின்று காத்திருந்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் நம்பிவிடலாம் என்றுதான் நின்றார். ஆகிலா ஸ்திரிக்கைப் பெட்டியின் வயரைக் கழற்றி, மகளின் உடுப்பை நாலாக மடித்தாள்.